எல்லையோர மழலை: முன்பருவக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியும் படைப்பாற்றலும்

மொழி வளர்ச்சியும் படைப்பாற்றலும் முன்பருவக் கல்வி பற்றிய நூல்களில் பெரும்பாலும் இரு வேறு இயல்களாகவே அமைகின்றன. குழந்தை எந்த மாதத்தில் எத்தனை சொல் பேசும் என்ற கணக்கு ஓர் இயலிலும், களிமண், வண்ணம், தாள் மடித்தல் ஆகியவற்றின் பட்டியல் மற்றோர் இயலிலும் இடம்பெறும். முன்பருவம் எனப்படுவது, குழந்தை நடையும் பேச்சும் கைவரப்பெற்ற பின்பும் முறையான பள்ளிக்குள் நுழைவதற்கு முன்பும் உள்ள மூன்று, நான்கு ஆண்டுக் காலம். அந்தப் பருவத்துக் குழந்தையைக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு மேற்கண்ட பிரிவினை செயற்கையானது என்பது விரைவில் விளங்கிவிடும். குழந்தை மொழியைக் கற்கும் முறையே ஒரு படைப்பு முறை என்பதும், பேச்சுக்கு இடம் தராத முன்பருவக் கூடம் எவ்வளவு வண்ணத்தாள் வாங்கிக் கொடுத்தாலும் படைப்பாற்றலை வளர்க்க இயலாது என்பதும் இச்சொற்பொழிவின் கருத்து. அதை விளக்குவதற்கு ஆரம்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊரைத் தேடிப்போக வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் தொடர்வண்டிப் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபின் எழுந்த எல்லைச் சிக்கலைத் தீர்க்க நடுவர் படாஸ்கர் வழங்கிய பரிந்துரையின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. அதற்கு ஈடாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்துடன் சேர்ந்தன. நிலத்தில் கோடு போட முடிந்த அளவுக்கு வீடுகளுக்குள் கோடு போட முடியவில்லை. இப்பகுதியின் பல குடும்பங்களில் பாட்டி தெலுங்கில் பேசுகிறார், தெரு தமிழில் பேசுகிறது. அருகிலுள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளுக்கும் வார்ப்பாலைகளுக்கும், எல்லைக்கு அப்பால் உள்ள ஸ்ரீசிட்டியின் ஆலைகளுக்கும் வந்து தங்கியவர்களோடு இந்தி, போஜ்புரி, வங்காளம், ஒடியா ஆகிய மொழிகளும் வாடகை வீட்டு வரிசைகளுக்குள் வந்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வேறொரு தமிழ் ஒலிக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் தமிழ் அதனினும் வேறு. இத்தனை ஒலிகளுக்கு நடுவே மூன்று வயதுக் குழந்தை என்ன செய்கிறது என்பதே இங்குள்ள வினா.

குழந்தை பெரியவர்களின் பேச்சைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூல், தூண்டலும் பாராட்டும் சேர்ந்து உருவாக்கும் பழக்கமாக மொழியை விளக்கியது. இரண்டே ஆண்டுகளில் நோம் சோம்ஸ்கி எழுதிய மதிப்புரை, எவரும் சொல்லிக் கேட்டிராத தொடர்களைக் குழந்தை எப்படிச் சொல்கிறது என்ற கேள்வியை முன்வைத்து அவ்விளக்கத்தை அசைத்தது. இதற்கிடையில் 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்: இல்லாத உயிரினம் ஒன்றின் படத்தைக் காட்டி, அதற்கு இல்லாத பெயர் ஒன்றைச் சூட்டி, அதேபோல் இரண்டு இருந்தால் என்ன சொல்வது என்று குழந்தைகளைக் கேட்டார். அந்தச் சொல்லை வாழ்நாளில் முன்பு கேட்டிராத குழந்தைகள் பன்மை விகுதியைச் சரியாக ஒட்டிச் சொன்னார்கள். மனப்பாடம் செய்த சொற்களின் பை மட்டும் குழந்தையிடம் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. கேட்டவற்றிலிருந்து விதியைப் பிரித்தெடுத்துப் புதிய சொல்லுக்குப் பொருத்திப் பார்க்கும் திறன் அதனிடம் இருக்கிறது.

இத்திறன் பிழைகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. அம்மாவுக்கு, பாப்பாவுக்கு, வீட்டுக்கு என்று சொல்லத் தெரிந்த குழந்தை ‘நானுக்கு’ என்று சொல்லுமானால், அது எவரிடமும் கேட்டுச் சொன்ன சொல் அன்று. நான்காம் வேற்றுமை உருபை எங்கும் ஒரே மாதிரி ஒட்டலாம் என்ற விதியைக் குழந்தை தானே அமைத்து, ‘எனக்கு’ என்னும் விதிவிலக்கை மட்டும் இன்னும் அறியாமல் இருக்கிறது என்பதற்கான சான்று. இருபத்தொன்பதை அடுத்து ‘இருபத்திப் பத்து’ என்று எண்ணும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்காத தமிழ் வீடு அரிது. அந்தக் குழந்தை எண்ணும் முறையின் கட்டமைப்பையே கண்டுபிடித்துவிட்டது என்பதால் அங்கே சிரிப்பைவிட வியப்புக்கே இடம் மிகுதி. இவ்வகைப் பிழையை மொழியியலார் ‘மிகைப் பொதுமையாக்கம்’ என்பர். அதாவது விதியை அது செல்லாத இடத்துக்கும் நீட்டிவிடுதல். ருஷ்யக் குழந்தைக் கவிஞர் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி இத்தகைய குழந்தைச் சொற்களைப் பல்லாண்டுகள் திரட்டி, ‘இரண்டிலிருந்து ஐந்துவரை’ என்ற புகழ்பெற்ற நூலை உருவாக்கினார். மேதைமை என்று பெரியவர்களிடம் போற்றப்படுவது இந்த வயதில் எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கிறது என்பதே அவர் நூலின் அடிநாதம்.

தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழி, அதாவது வேர்ச்சொல்லோடு இடைநிலை, விகுதி, உருபு ஆகியவற்றை வரிசையாக ஒட்டிப் பொருளைக் கட்டும் மொழி, விதியைப் பிரித்தெடுக்கும் இந்த வேலைக்குக் கூடுதலாகக் கைகொடுக்கிறது. சொற்களின் இறுதியைக் குழந்தைகள் சிறப்பாகக் கவனிக்கின்றன என்பதைப் பல மொழிகளை ஒப்பிட்டு டான் ஸ்லோபின் 1973இல் எடுத்துக்காட்டினார். தமிழில் இலக்கணச் செய்தி பெரும்பகுதி இறுதியில்தான் இருக்கிறது. பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதை ஒட்டிய தமிழ்க் குழந்தைகள் வினைமுற்று விகுதிகளை வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் கையாளுவதைக் காட்டியது. வைத்தியநாதன் தமிழ்க் குழந்தைகளின் வினாக்களையும் எதிர்மறைகளையும் தனித்தனியே ஆராய்ந்தார். எதிர்மறை தனியாக எண்ணிப்பார்க்கத் தக்கது. பொருள் இல்லாமையைச் சொல்ல ‘இல்ல’, மறுப்பைச் சொல்ல ‘வேணாம்’, இணங்காமையைச் சொல்ல ‘மாட்டேன்’, இயலாமையைச் சொல்ல ‘முடியாது’ எனத் தமிழ் வெவ்வேறு சொற்களைக் கேட்கிறது. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ‘வேணாம்’ என்று சொல்லும் குழந்தை, கிண்ணம் காலியானதும் ‘இல்ல’ என்று சொல்லும்போது, உலகில் ஒன்று இல்லாமல் போவதற்கும் தான் அதை விரும்பாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரித்தறிந்து பேசுகிறது. அங்கன்வாடிப் பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

மொழியும் கற்பனையும் ஒன்றையொன்று தொடும் இடம் தமிழில் இன்னும் துல்லியமாகக் கிடைக்கிறது. கதை சொல்லும் பாட்டி ‘ஒரு ராஜா இருந்தார்’ என்று சொல்வதில்லை. ‘இருந்தாராம்’ என்றே சொல்கிறார். அந்த ‘ஆம்’, சொல்பவர் கண்ணால் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்பதைக் குறிக்கும் ஒட்டு. தெலுங்குக் கதைசொல்லியும் வினையின் இறுதியில் ‘அட’ என்பதைச் சேர்த்து இதே வேலையைச் செய்கிறார். கேட்கும் குழந்தை ‘உம்’ கொட்டிக்கொண்டே, நடந்தது வேறு, சொல்லப்படுவது வேறு என்ற நுட்பத்தை அந்த ஒட்டின் வழியாக உள்வாங்குகிறது. பின்னர் அதையே எடுத்துக்கொண்டு விளையாட்டுக்குள் நுழைகிறது: ‘நான் டீச்சராம், நீ பாப்பாவாம், இது பஸ்ஸாம்.’ இங்கே ‘ஆம்’ பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கவில்லை. இது மெய் அன்று, நாம் இருவரும் சேர்ந்து மெய்போல் வைத்துக்கொள்வோம் என்ற உடன்படிக்கையைக் குறிக்கிறது. பெரியவர்கள் எவரும் இந்தப் பயன்பாட்டைக் கற்பிப்பதில்லை. குழந்தைகள் கதையிலிருந்து ஓர் இலக்கணக் கருவியைப் பெயர்த்தெடுத்து, தாங்களே ஆக்கிக்கொண்ட உலகத்துக்கு வாயிற்படியாக வைக்கிறார்கள். மூன்று எழுத்துக்கூட இல்லாத ஓர் ஒட்டில், மெய்யையும் கற்பனையையும் குழப்பிக்கொள்ளாமல் இரண்டிலும் ஒரே நேரத்தில் நிற்கும் ஆற்றல் அடங்கியிருக்கிறது. நாடகமும் புனைகதையும் பிற்காலத்தில் எழுவது இதே ஆற்றலிலிருந்துதான்.

ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையொன்றில், குச்சியைக் குதிரையாக்கி ஓடும் குழந்தை பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரிக்கக் கற்கிறது என்று விளக்கினார். கண்ணெதிரே இருப்பது குச்சி, மனத்தில் இருப்பது குதிரை. இரண்டையும் பிணைப்பது ‘குதிரை’ என்ற சொல். அந்தச் சொல் இல்லையென்றால் குச்சி குச்சியாகவே கிடக்கும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பனைமரங்களுக்கடியில் நுங்கு தின்றபின் எஞ்சும் பனங்காய்க் கூடு இரண்டைக் குச்சியில் கோத்து வண்டி ஓட்டும் குழந்தைக்கும், ஆலையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து லாரி ஓட்டும் குழந்தைக்கும் இது பொருந்தும். மரச் சொப்பும் மரப்பாச்சியும் கூட்டாஞ்சோறும் தந்த பயிற்சி இதுவே. பிள்ளைத்தமிழ் நூல்கள் மணல்வீடாகிய சிற்றிலைக் குழந்தைப் பருவத்தின் ஒரு தனி நிலையாக வைத்துப் பாடியதும் நினைவுகூரத் தக்கது. மணலில் கட்டிய வீட்டை விளையாட்டு என்று ஒதுக்காமல் பருவத்துக்குரிய செயலாகவே அம்மரபு மதித்தது.

இவ்விடத்தில் மரியா மாண்டிசோரியோடு சற்று மாறுபட வேண்டியிருக்கிறது. 1939 நவம்பரில் சென்னை வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த அவர், இந்திய முன்பருவக் கல்விக்குச் செய்தது பெரும்பணி. குழந்தையின் புலன்களையும் கைகளையும் அவர் மதித்த அளவுக்கு அதற்குமுன் மதித்தவர்கள் சிலரே. எனினும் தேவதைக் கதைகளையும் பாவனை விளையாட்டையும் இந்த வயதுக்கு அவர் பரிந்துரைக்கவில்லை. மெய்ப்பொருள்களோடு மெய்யான வேலை செய்வதே குழந்தைக்கு வேண்டியது என்று கருதினார். ‘ஆம்’ போட்டு விளையாடும் குழந்தை மெய்யை மறந்துவிடுவதில்லை என்பதைத் தமிழ் தெளிவாகவே காட்டுவதால், இந்த ஒரு கூறில் அவரைப் பின்பற்றாமல் இருப்பதே முறை. கல்வியாளர் தாராபாய் மோடக்கின் வழி வேறு. 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் பணியைத் தொடங்கி, பின்னர் கோஸ்பாடுக்குச் சென்று, அனுதாய் வாக்குடன் சேர்ந்து வார்லிப் பழங்குடிக் குழந்தைகளிடையே அவர் நடத்திய கூடங்களில் இலையும் விதையும் கிளிஞ்சலும் பாடப்பொருள்களாயின. பள்ளிக்குக் குழந்தை வராவிட்டால் குழந்தையின் முற்றத்துக்குப் பள்ளி போகட்டும் என்ற அவருடைய அணுகுமுறையிலிருந்தே அங்கன்வாடி என்ற வடிவம் உருப்பெற்றது. முற்றத்துக்குப் போகும் பள்ளி முற்றத்தின் மொழியையும் ஏற்க வேண்டும் என்பது அதன் இயல்பான நீட்சி.

ஆரம்பாக்கத்து முற்றத்தில் மொழி ஒன்று அன்று என்பதால் அடுத்த கேள்வி எழுகிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவே வளரும் குழந்தை குழம்பிப்போகும், பேச்சு தாமதமாகும் என்ற அச்சம் படித்தவர்களிடமும் உண்டு. 1962இல் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் மாண்ட்ரியல் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இந்த அச்சத்துக்கு மாறான முடிவைத் தந்தது. 1972இல் அனிதா இயாங்கோ வொரல் தென்னாப்பிரிக்காவில் செய்த சோதனை இன்னும் நுட்பமானது: ஒரு சொல்லுக்கு நெருக்கமானது ஒலியால் ஒத்த சொல்லா, பொருளால் ஒத்த சொல்லா என்று கேட்டபோது, இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிட இளவயதிலேயே பொருளைத் தேர்ந்தார்கள். பொருளுக்கும் பெயருக்கும் இயற்கையான ஒட்டு எதுவுமில்லை, பாலுக்கு இன்னொரு பெயரும் இருக்கலாம் என்பதை அவர்கள் முன்னதாகவே கண்டுகொண்டுவிடுகிறார்கள். இந்தியாவிலேயே அஜித் மொகந்தி, ஒடிசாவின் கோந்த் சமூகத்தில் குயி, ஒடியா இரண்டும் அறிந்த குழந்தைகளையும் ஒடியா மட்டும் அறிந்தவர்களையும் ஒப்பிட்டு, மொழியைப் பற்றியே சிந்திக்கும் திறனில் இருமொழிக் குழந்தைகள் முன்னிற்பதைக் கண்டார். இத்திறன் வசதியான வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதே மொகந்தியின் பணியில் கவனிக்க வேண்டிய பகுதி.

தமிழும் தெலுங்கும் உறவுமொழிகள். பால் ‘பாலு’ ஆகிறது, மூக்கு ‘முக்கு’ ஆகிறது, கண் ‘கன்னு’ ஆகிறது, காது மட்டும் ‘செவி’யாகி இலக்கியத் தமிழை நினைவூட்டுகிறது. முன்னிலையில் இருப்பவரை உட்படுத்தும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்ற வேறுபாடு தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என இருக்கிறது, இந்தியில் இல்லை. மாறாக, தெலுங்கில் ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வினைமுற்று ஒன்றே: அக்காவும் ‘வச்சிந்தி’, பசுவும் ‘வச்சிந்தி’. தெலுங்கு வீட்டுக் குழந்தை ‘அக்கா வந்துச்சு’ என்று சொன்னால் அது மரியாதைக் குறைவும் அன்று, சோம்பலும் அன்று. ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழியில் சோதித்துப் பார்க்கும் முயற்சி. வட தமிழகத்தின் பேச்சுத் தமிழே அதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடியாவிலும் வங்காளத்திலும் அவன், அவள் என்ற பிரிவே இல்லாததால், அம்மொழிக் குழந்தை தமிழில் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லக்கூடும். இவற்றை அறிந்த அங்கன்வாடிப் பணியாளர் பொறுமையோடு சரியான வடிவத்தைத் தம் பேச்சில் திருப்பிச் சொல்லிக் காட்டுவார். அறியாதவர் திருத்துவதாக நினைத்து வாயடைத்துவிடுவார். அந்நிய மொழிச் சூழலுக்குள் புதிதாக நுழையும் சில குழந்தைகள் வாரக்கணக்கில் பேசாமலே இருப்பதும் உண்டு. அது கேட்டுத் திரட்டும் காலம். அதை அறிவுக்குறைவு என்று பதிவேட்டில் எழுதுவது அநீதி.

ஏழை வீடுகளில் பேச்சே குறைவு என்ற கருத்தையும் இங்கே சோதிக்க வேண்டும். பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் கான்சாஸ் நகரின் 42 குடும்பங்களைப் பதிவுசெய்து 1995இல் வெளியிட்ட நூலிலிருந்து, ஏழைக் குழந்தைக்கும் வசதியான குழந்தைக்கும் நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொற்கள் இடைவெளி உண்டாகிறது என்ற கணிப்பு உலகெங்கும் பரவியது. 2018இல் டக்ளஸ் ஸ்பெரி முதலானோர், குழந்தையைச் சுற்றிப் பிறர் பேசும் பேச்சையும் கணக்கில் சேர்த்தால் இந்த இடைவெளி பெரிதும் சுருங்குகிறது என்று காட்டினர். அத்தை, பெரியம்மா, அக்காமார், பக்கத்து வீட்டு ஆயா என்று பலரிடையே வளரும் குழந்தையைத் தாயின் சொற்களை மட்டும் கொண்டு அளப்பது இவ்வூருக்கும் பொருந்தாது. அதே 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு, கேட்ட சொற்களின் தொகையைவிடப் பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசும் பரிமாற்றமே மூளையின் மொழிப்பகுதிச் செயல்பாட்டோடு நெருங்கிய தொடர்பு கொண்டது என்கிறது. ஆகவே கேள்வி எத்தனை சொல் என்பதன்று. குழந்தைக்கு மறுமொழி சொல்ல ஆள் இருக்கிறதா என்பது. மூன்று ஷிப்டுகளாக இயங்கும் ஆலைப்பகுதியில், தந்தை பகலில் உறங்க, தாய் காலையிலேயே கம்பெனி வேனில் ஏறிவிட, குழந்தையின் கைக்கு வருவது கைப்பேசி. உலக சுகாதார நிறுவனம் 2019இல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. திரை எவ்வளவு பேசினாலும் குழந்தையின் சொல்லுக்காகக் காத்திருப்பதில்லை. இதற்குப் பெற்றோரைக் குறை சொல்வது எளிது; உழைப்பு நேரத்தை அமைத்தவர்கள் யார் என்பதையும் கேட்க வேண்டும்.

அங்கன்வாடியின் முதன்மை இதனால் கூடுகிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலையில் தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைகளையும் உணவுத் தட்டுக்கு முன் உட்கார வைத்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் மழலையர் வகுப்புகள் வந்தன. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022இல் வெளிவந்த அடித்தள நிலைக்கான கலைத்திட்ட வடிவமைப்பு, வீட்டுமொழியையும் விளையாட்டையும் முன்னிறுத்துகிறது. ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் எடை, உயரம், தடுப்பூசி, சத்துமாவு, கைப்பேசிச் செயலியில் பதிவு ஆகியவை ஒரே பணியாளரின் தலையில் ஏறி நிற்கும்போது, குழந்தையோடு உட்கார்ந்து பேசும் நேரம்தான் முதலில் கழிகிறது. ‘கையைக் கட்டு, வாய்மேல் விரல் வை’ என்ற கட்டளை பிறப்பது பெரும்பாலும் கடுமையினால் அன்று, களைப்பினால். வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பேசும் குழந்தையின் பேச்சு நாளடைவில் மறைந்துபோகும் தன்மையக் கூறு என்று உளவியலாளர் ழான் பியாஜே 1923இல் கருதினார். அது மறைவதில்லை, உள்ளே இறங்கிச் சிந்தனையாகிறது என்று 1934இல் வெளிவந்த நூலில் வைகாட்ஸ்கி மறுத்தார். வைகாட்ஸ்கி சொல்வது சரியென்றால், வாய்மேல் வைக்கும் விரல் சிந்தனையின் மேலும் வைக்கப்படுகிறது.

ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கும் தனியார் மழலையர் பள்ளியைப் பெற்றோர் நாடுவதையும் பழிக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் இந்த ஆலைப்பகுதியில் வேலையையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும் மொழி என்பது அவர்கள் நேரில் காண்பது. ஏற்கெனவே இரண்டு மொழிகளைச் சுமந்து வரும் குழந்தைக்கு மூன்றாவதாக ஆங்கிலம் விளையாட்டின் வழியே வருவதில் தடையில்லை. முதல் இரண்டையும் வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்வதில்தான் தீங்கு இருக்கிறது. பொருள் தெரியாமல் ஒப்பிக்கும் பாட்டில் குழந்தை தானாக ஒரு சொல்லைக்கூட மாற்றிப் போட முடியாது. விரல்களை மடக்கிப் பருப்புக் கடையும் விளையாட்டிலோ, நண்டு ஊர்வதாகக் கையில் விரல் ஏற்றும் விளையாட்டிலோ, நண்டுக்குப் பதில் லாரியை ஏற்றிக் குழந்தை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

செய்யக்கூடியவை செலவு மிகுந்தவை அல்ல. எடைப் பதிவேட்டுக்கு அருகில் சொற்பதிவேடு ஒன்றை வைத்து, ஒவ்வொரு குழந்தையும் வாரத்தில் புதிதாகச் சொன்ன ஒரு தொடரை, பிழையோடு, அது எந்த மொழியில் இருந்தாலும் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவைக்கலாம். ‘நானுக்கு’ எந்த மாதத்தில் ‘எனக்கு’ ஆனது என்பது அதில் தெரியும். மொழி ஆய்வாளர்களுக்கும் அது அரிய சான்றாகும். தெலுங்கும் இந்தியும் பேசும் தாய்மாரையும் பாட்டிமாரையும் வாரம் ஒருநாள் மையத்துக்கு அழைத்து அவரவர் மொழியில் கதை சொல்லச் செய்யலாம். கதையின் போக்கைச் சைகையாலும் குரலாலும் பிற குழந்தைகள் பின்தொடர்வார்கள். ‘இது என்ன’ என்று ஒரே விடையைக் கேட்கும் வினாவோடு, ‘இது வேறு என்னவாக ஆகலாம்’ என்ற வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம். உளவியலாளர் ஜே.பி. கில்ஃபோர்ட் 1950இல் ஆற்றிய உரையைத் தொடர்ந்து வளர்ந்த படைப்பாற்றல் ஆய்வு ‘விரிசிந்தனை’ என்று பெயரிட்டது இதையே. ஒரு வினாவிலிருந்து பல விடைகளுக்குப் பிரிந்து செல்லும் சிந்தனை அது. குழந்தை விடை சொல்லுமுன் பெரியவர் சில நொடிகள் வாய்திறக்காமல் காத்திருப்பதும் இதில் அடங்கும். பயிற்சி வகுப்புகளில் இதைத் தனியாகவே பழக்க வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் பருவம் முடிந்ததும் திரும்பிவிடுகின்றன. அவர்களின் பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தும் ஏற்பாடு இம்மாவட்டத்தில் செய்யப்பட்டது. அது போற்றத்தக்க முன்மாதிரி. பள்ளி வயதை எட்டாத குழந்தையோ சூளையோரத்திலேயே இருந்துவிடுகிறது. ஆண்டின் பாதியைத் தமிழோசையிலும் மறுபாதியை ஒடியா ஓசையிலும் கழிக்கும் அக்குழந்தைக்கு, இரு மாநில அங்கன்வாடிகளுக்கும் பொதுவாக ஒரே சொற்பதிவேடு இருக்குமானால், கும்மிடிப்பூண்டியில் ஒரு பணியாளர் எழுதி நிறுத்திய பக்கத்திலிருந்து ஒடிசாவின் பலாங்கீரில் இன்னொரு பணியாளர் தொடர்ந்து எழுத முடியும். தடுப்பூசி அட்டை ஏற்கெனவே மாநில எல்லைகளைக் கடந்து குழந்தையோடு பயணம் செய்கிறது. அதே உறைக்குள் இதையும் வைத்துக் கொடுப்பதற்கு இரு அரசுகளின் குழந்தை வளர்ச்சித் துறைகள் ஒருமுறை கூடிப் பேசினால் போதும்.